ஹிட்லர் ரொமெலை ஏன் ஆபிரிக்காவுக்கு அனுப்பினார்? (பந்தயம்: ஒரு சட்டி எருமைத் தயிர்)

வாவிக்கரை (சனி, இரவு 9.10)

நேற்று உதயதேவி ரயிலில் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தோம். பொலன்னறுவையில் மச்சானுக்கும் எனக்கும் தொடங்கிய வாக்குவாதம் மட்டக்களப்பில் இறங்கி ஆட்டோ பிடித்த பிறகும் முடியவில்லை. தீர்ப்பு இங்கேதான் கிடைக்கும் என்று கொண்டு வந்திருக்கிறேன்.

மச்சானின் கட்சி: ஹிட்லர் தன்னிடம் இருந்த மிகச் சிறந்த தளபதியான ரொமெலை 1941இல் லிபியாவுக்கு அனுப்பினார். சிறந்த ஆளை அனுப்பினார் என்றால் அந்த இடம்தான் அவருக்கு முக்கியமாக இருந்திருக்க வேண்டும். சுயஸ் கால்வாய், அதைத் தாண்டி மத்திய கிழக்கு எண்ணெய், எல்லாம் கணக்குப் போட்டுத்தான் அனுப்பினார்.

என்னுடைய கட்சி: ரொமெல் பெயர் பெரிதாகிக்கொண்டு வந்தது. அதனால் ஹிட்லர் அவரைக் கண்காணாத தூரத்துக்குத் தள்ளிவிட்டார். நம் ஊரில் நன்றாக வேலை செய்கிற அதிகாரியைத் தூக்கிக் காட்டுப்பக்கம் போடுவதில்லையா, அதே கதை.

தோற்றவர் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கித் தர வேண்டும். மச்சானும் இதை வாசிப்பான். பார்த்துச் சொல்லுங்கள்.

கல்முனைக் காக்கா (சனி, இரவு 9.34)

தம்பி, சரித்திரம் எனக்குத் தெரியாது. வியாபாரம் தெரியும். இரண்டு இடத்தில் புடவைக்கடை வைத்திருந்தவன் நான். பெருநாள் சீசனில் பெரிய கடைக்கே சரக்குப் போதாது. சின்னக் கடைக்குச் சரக்கு அனுப்ப வழியில்லை, மூடவும் முடியாது, மூடினால் பக்கத்துக் கடைக்காரன் சிரிப்பான். அப்போது என்ன செய்வோம்? நன்றாக வாயடிக்கிற ஒரு பையனை அங்கே போடுவோம். இருக்கிற பத்துச் சாரத்தை நூறு சாரம் மாதிரி விரித்துக் காட்டுவான். ஹிட்லர் செய்ததும் அதுதானோ என்னவோ.

மச்சான்தான் நான் (சனி, இரவு 10.02)

நான்தான் அந்த மச்சான். காக்கா, ஹிட்லர் புடவைக்கடை நடத்தவில்லை. 1942இல் ரொமெல் எகிப்தின் எல் அலமெய்ன் வரை போய்விட்டார். அங்கிருந்து அலெக்சாந்திரியா 100 கிலோமீற்றர்தான். இவ்வளவு நெருங்கியதை வாயடிப் பையன் கணக்கில் சேர்க்கலாமா? தயிர் எனக்குத்தான்.

படுவான்கரை டீச்சர் (ஞாயிறு, காலை 6.15)

இரண்டு பேருக்குமே தயிர் இல்லை. ஏனென்றால் இருவரும் ஒரே இடத்தில் பிழை விட்டிருக்கிறீர்கள். 1941 பெப்ரவரியில் ரொமெல் ஹிட்லரின் சிறந்த தளபதியே அல்ல.

கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதானே. 1940 மே மாதம் பிரான்ஸ் மீது படையெடுத்தபோது ரொமெலின் கையில் இருந்தது ஒரேயொரு தாங்கி (டாங்க்) டிவிஷன், ஏழாவது. அவருக்கு மேலே, சில டிவிஷன்கள் சேர்ந்த கோருக்குத் தளபதியாக ஹோத் இருந்தார். ரொமெல் வேகமாக ஓடினார், நன்றாகச் சண்டை பிடித்தார், படமும் எடுத்துப் போட்டார்கள், எல்லாம் உண்மை. ஆனால் அந்த ஜூலையில் வெற்றிக்குப் பரிசாக ஹிட்லர் தரைப்படையில் ஒன்பது பேரையும் விமானப்படையில் மூன்று பேரையும் ஃபீல்ட் மார்ஷல் ஆக்கினாரே, அந்தப் பன்னிரண்டில் ரொமெல் பெயர் இல்லை. இருக்கவும் முடியாது. டிவிஷன் தளபதி என்பது ஜெனரல்களில் கீழ்ப்படி.

1941 ஜூனில் ரஷ்யாவுக்குள் போனவர்களைப் பாருங்கள்: லீப், பொக், ருண்ட்ஸ்டெட் என்று மூன்று ஃபீல்ட் மார்ஷல்கள். அவர்களுக்குக் கீழே தாங்கிப்படைகளோடு குடேரியன், ஹோத், ஹேப்னர், கிளைஸ்ட். ஏறத்தாழ 30 இலட்சம் ஜேர்மன் வீரர்கள். பெரிய ஆட்கள் எல்லாரும் பெரிய களத்தில்தான் நின்றார்கள். ரொமெலுக்குக் கொடுத்தது எவ்வளவு? இரண்டு டிவிஷன். அதிலும் ஒன்று முழு டிவிஷன் அல்ல, ஐந்தாவது ‘இலகு’ டிவிஷன். பதினைந்தாவது தாங்கி டிவிஷன் மே மாதமளவில்தான் முழுமையாக வந்து சேரும் என்று ஏற்பாடு.

ஹிட்லரின் போர் உத்தரவுகளுக்கு வரிசை இலக்கம் உண்டு. 21ஆம் உத்தரவு ரஷ்யா. 1940 டிசம்பர் 18இல் எழுதப்பட்டது. 22ஆம் உத்தரவு மத்தியதரைக் கடலில் கூட்டாளியான இத்தாலிக்கு உதவுவது, 1941 ஜனவரி 11. லிபியா அப்போது இத்தாலியின் கையில். முதலில் கல்யாணச் சாப்பாடு, மறுகா பக்கத்து வீட்டுக்காரனுக்கு ஒரு பார்சல். அந்தப் பார்சல்தான் ஆபிரிக்கா.

வாவிக்கரை (ஞாயிறு, காலை 7.40)

டீச்சர், பார்சல் சரி. ஆனால் அந்தப் பார்சலை ரொமெல் கையில் ஏன் கொடுத்தார்? வேறு ஆட்கள் இல்லையா?

படுவான்கரை டீச்சர் (ஞாயிறு, காலை 8.05)

இருந்தார். முதலில் வேறொருவரைத்தான் அனுப்பினார்கள். ஃபொன் ஃபுங்க் என்று ஒரு ஜெனரல். ஜனவரியில் லிபியாவுக்குப் போய்ப் பார்த்தார். நிலைமை அவ்வளவு மோசம். முந்தைய டிசம்பரில் பிரித்தானியர் எகிப்திலிருந்து கிளம்பி இத்தாலியரின் பத்தாவது படையை இரண்டே மாதத்தில் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். பிடிபட்டவர்கள் மட்டும் 1,30,000 பேர். ஃபுங்க் திரும்பி வந்து, அனுப்பப்போகிற படை போதாது, இதனால் காப்பாற்ற முடியாது என்கிற மாதிரி அறிக்கை கொடுத்தார். ஹிட்லருக்கு அது பிடிக்கவில்லை. உள்ளதைச் சொன்ன மனிதரை விட்டுவிட்டு வேறு ஆளைத் தேடினார்.

ரொமெலை அவருக்குப் பழக்கம். போலந்துப் போரின்போது ஹிட்லரின் மெய்க்காவல் படைக்குப் பொறுப்பாக இருந்தவர். ‘முடியாது’ என்ற சொல்லை அகராதியிலிருந்து கிழித்துப் போட்ட மாதிரியான ஆள். பெப்ரவரி 6 பெர்லினில் ஹிட்லரைச் சந்தித்தார், 12ஆம் திகதி திரிப்போலியில் இறங்கிவிட்டார். ஆறே நாள். நம் ஊரில் இடமாற்றக் கடிதம் கைக்கு வரவே அதைவிட நாளெடுக்கும்.

கல்முனைக் காக்கா (ஞாயிறு, காலை 8.20)

அப்போ வாயடிப் பையன்தான். நான் சொன்னேனா இல்லையா?

படுவான்கரை டீச்சர் (ஞாயிறு, காலை 8.31)

ஓம் காக்கா, உங்கள் கடைக்கதை இருக்கிற கதைகளில் கிட்டத்தட்டச் சரியானது. ரொமெல் போன கையோடு என்ன செய்தார் தெரியுமா? ஃபோக்ஸ்வாகன் கார்களுக்கு மேலே பலகையாலும் துணியாலும் தாங்கி மாதிரிச் செய்து மாட்டினார். மேலிருந்து பார்க்கிற விமானத்துக்குத் தாங்கிப்படை. பத்துச் சாரம், நூறு சாரம்.

பாண்டிருப்பான் (ஞாயிறு, முற்பகல் 10.50)

நான் போர் சாமான்களில் விற்பன்னன் இல்லை. எங்கள் ஊர் திரௌபதை அம்மன் கோயிலில் சின்ன வயதிலிருந்து பாரதக் கதை கேட்டு வளர்ந்தவன். வடமோடிக் கூத்தில் அபிமன்னன் சண்டை பார்த்து அழாத பிள்ளை எங்கள் பக்கம் உண்டா?

பதின்மூன்றாம் நாள் என்ன நடந்தது? துரோணர் சக்கரவியூகம் போட்டார். அதை உடைக்கத் தெரிந்த அர்ச்சுனன் அங்கே இல்லை. சம்சப்தகர்கள் என்று உயிரைக் கொடுக்கச் சத்தியம் செய்துவந்த கூட்டம் அவனைச் சண்டைக்கு அழைத்துத் தெற்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அழைத்தால் போகாமல் இருக்க முடியாது என்பது அவன் விரதம். சிறந்த வீரனைப் பக்கத்துக் களத்துக்கு அனுப்பியது தருமன் இல்லை, எதிரி. நடுக்களத்தில் பிள்ளை செத்தான்.

ஆகவே என் கேள்வி வேறு. தலைவன் ஏன் அனுப்பினான் என்று கேட்கிறீர்கள். அனுப்ப வைத்தது யார் என்று கேட்டீர்களா?

படுவான்கரை டீச்சர் (ஞாயிறு, நண்பகல் 12.20)

பாண்டிருப்புத் தம்பி, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். சோறு வெந்துகொண்டிருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

இத்தாலியரை விரட்டிய பிரித்தானியருக்குச் சம்சப்தகர் மாதிரி வந்தது கிரேக்கம். வேவல் என்று தளபதி, பிறகு இந்தியாவில் வைஸ்ராயாக இருந்தாரே, அவரேதான். லிபியாவில் திரிப்போலி வரை போக வழி திறந்து கிடந்தது. அந்த நேரத்தில் கிரேக்கத்தை ஜேர்மனி அடிக்கப்போகிறது, உதவி செய்ய வேண்டும் என்று லண்டன் முடிவெடுத்தது. வேவலும் கடைசியில் தலையாட்டினார். மார்ச்சில் ஏறத்தாழ 60,000 பேர் கடல் தாண்டிக் கிரேக்கம் போனார்கள். லிபியாவில் மிஞ்சியது அனுபவம் குறைந்த, ஓட்டை உடைசல் தாங்கிகளோடு ஒரு சின்னப் படை. வெற்றிகளைத் தேடித்தந்த ஓகொனரும் எகிப்துக்குத் திரும்பிவிட்டார். அந்த வெறுமைக்குள்தான் ரொமெல் மார்ச் 24 பாய்ந்தார். ஏப்ரலில் ஓகொனரே பிடிபட்டார். ஆலோசனை சொல்லத் திரும்பி வந்தவர் இரவில் வழி தவறி ஜேர்மனியரிடம் மாட்டினார்.

இதில் ஒரு வேடிக்கை. ஜேர்மனியரின் இரகசியத் தந்திகளைப் பிரித்தானியர் உடைத்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். மே வரை பெரிய தாக்குதல் வேண்டாம் என்று அவருக்கு உத்தரவு. ஆகவே மே வரை பயமில்லை என்று வேவல் கணக்குப் போட்டார். கணக்குச் சரி. ரொமெல் உத்தரவைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். எதிரியின் கடிதத்தைத் திருடி வாசித்தும் ஏமாந்த கதை.

கல்லடிக்காரன் (ஞாயிறு, பிற்பகல் 2.45)

பக்கத்துக் களம் பக்கத்துக் களம் என்கிறீர்கள். நாங்கள் இருக்கிற இடமே ஒரு பக்கத்துக் களம்தான் தெரியுமா? 1942 ஏப்ரல் 9. கல்லடிக் கரையிலிருந்து பார்த்தால் ஐந்து மைல் சொச்சம் கடலுக்குள், ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை யப்பான் விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் செத்தார்கள். திருகோணமலைக்கு அடி விழப்போகிறது என்று தெரிந்து முதல்நாள் இரவே அவசரமாக வெளியே போன கப்பல். விமானந்தாங்கி, ஆனால் அன்றைக்கு அதில் ஒரு விமானம்கூட இல்லை. கூட வந்த வம்பயர் என்ற அவுஸ்திரேலியக் கப்பலும் போயிற்று. பக்கத்தில் வந்த ஒரு ஆஸ்பத்திரிக் கப்பல் உயிரோடு மிதந்தவர்களைப் பொறுக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனது. ஹெர்மிஸ் இன்னும் 50 மீற்றர் ஆழத்துக்குக் கீழே படுத்திருக்கிறது. எங்கள் அப்பப்பா கடைசிவரை அந்த இரைச்சலைச் சொல்லிக்கொண்டிருந்தார். இடி முழக்கம் என்று நினைத்தார்களாம், வானத்தில் மேகமில்லையாம்.

நான் சொல்ல வருவது: அடித்தவர் நகுமோ. நாலு மாதத்துக்கு முன் பேர்ள் துறைமுகத்தை அடித்த அதே அட்மிரல், அங்கே போன ஆறு விமானந்தாங்கிகளில் ஐந்து. யப்பான் தன்னிடம் இருந்ததில் சிறந்ததை எடுத்து நம் கடலுக்கு அனுப்பியது. மச்சான் கட்சிப்படி பார்த்தால் இலங்கைதான் யப்பானின் முக்கிய இலக்கா?

மச்சான்தான் நான் (ஞாயிறு, பிற்பகல் 3.10)

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தயிர் பாதியாகலாம் போல.

சம்மாந்துறை வெளி (ஞாயிறு, பிற்பகல் 3.55)

கல்லடி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நகுமோ இங்கே வந்து கப்பல்களை முடித்தார், ஆனால் தேடிவந்த பிரித்தானியப் பிரதான கப்பற்படை அகப்படவில்லை. அது மாலைதீவின் அட்டுத் தீவுப் பக்கம் ஒதுங்கிவிட்டது. திரும்பிப் போகிற வழியிலேயே இரண்டு விமானந்தாங்கிகளைப் பிரித்துப் பவளக்கடலுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒன்று அடிபட்டது, மற்றது விமானங்களை இழந்தது. ஜூனில் பசிபிக்கின் மிட்வேயில் அமெரிக்கரோடு பெரிய சண்டை வந்தபோது அந்த இரண்டும் இல்லை. வந்த நாலும் மூழ்கின. பக்கத்துக் களத்தில் கைவீசித் திரிந்த செலவு நடுக்களத்தில் வசூலாயிற்று.

பேர் வேண்டாம் (ஞாயிறு, மாலை 5.02)

[இந்தப் பதிவு நீக்கப்பட்டுள்ளது]

நடத்துநர் (ஞாயிறு, மாலை 5.20)

நம் நாட்டுப் போரில் கிழக்கு முதற்களமா இரண்டாங்களமா, யார் யாரை எங்கே அனுப்பினார் என்ற பேச்சு இந்த இழையில் வேண்டாம். அந்தக் கேள்வி பெறுமதியில்லாதது என்று சொல்லவில்லை. போன முறை அது எங்கே போய் முடிந்தது என்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். உறவுகளைத் தொலைத்தவர்கள் இங்கே வாசிக்கிறார்கள். ரொமெலோடு நிற்போம்.

வாவிக்கரை (ஞாயிறு, மாலை 6.40)

சரி. ஆனால் என் கட்சி முழுக்கப் பிழையா? பெரிய ஆளைத் தூரத் தள்ளுவது சரித்திரத்தில் நடக்காததா?

படுவான்கரை டீச்சர் (ஞாயிறு, இரவு 7.30)

நடந்திருக்கிறது, நடந்துகொண்டும் இருக்கிறது. என் பெயரைப் பார்த்தே விளங்கியிருக்கும். எழுவான்கரையில், அதாவது வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம், பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு கணக்குவழக்கைக் கேள்வி கேட்டேன். அடுத்த தவணைக்கு வாவிக்கு மேற்கே, படுவான்கரை. குருமண்வெளியில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவை) ஏறி மண்டூர்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் நடை. கடிதத்தில் ‘சேவையின் தேவை கருதி’ என்று இருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், அவர்களும் ஓய்வு பெற்றிருப்பார்கள். ஆறு வருஷம் இருந்தேன். அந்தப் பிள்ளைகள் இப்போதும் வீட்டுக்கு விளாம்பழம் கொண்டுவருகிறார்கள், அது வேறு கதை.

பிரான்சில் 1798இல் நெப்போலியன் எகிப்துக்குப் போனது ஓரளவுக்கு உங்கள் கட்சி. இத்தாலியில் வென்று வந்த இளம் தளபதி பாரிசில் நிற்பது ஆட்சியிலிருந்த டைரக்டர்களுக்கு இடைஞ்சல். அவருக்கும் போக ஆசை. இரண்டு பக்கமும் சந்தோஷமாகக் கப்பல் ஏற்றினார்கள். அடுத்த வருஷம் திரும்பி வந்து, அனுப்பி வைத்தவர்களையே வீட்டுக்கு அனுப்பினார்.

ஆனால் ரொமெல் அப்படியல்ல. 1941இல் ஹிட்லருக்கு அவர் போட்டியே இல்லை, செல்லப்பிள்ளை. பயந்து தள்ளவில்லை, நம்பிக் கொடுத்தார். என் எண்ணத்தைச் சொன்னால், தலைவர்களுக்குப் படை அனுப்புவது கஷ்டம், ஆள் அனுப்புவது இலகு. பத்து டிவிஷன் அனுப்பினால் ரஷ்யாவில் பத்து குறையும், கப்பல் வேண்டும், பெற்றோல் வேண்டும். ஒரு தளபதிக்கு ஒரு விமானத்தில் ஒரு கதிரை போதும். இத்தாலியின் முசோலினிக்கும் ஆறுதல், பத்திரிகைக்கும் படம். ஆளை மட்டும் அனுப்பினால், படையையே அனுப்பின மாதிரி வெளியே காட்டலாம்.

சம்மாந்துறை வெளி (ஞாயிறு, இரவு 8.15)

அதோடு தூரத்தையும் பாருங்கள். திரிப்போலியில் சாமான் இறங்கினால் கிழக்கு லிபியாவின் தோப்ரூக் துறைமுகம் ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போல ஐந்து மடங்கு, மணல் வழியாக, மேலே எதிரி விமானம். சாமான் ஏற்றிய லொறியே பாதி எண்ணெயைக் குடித்துவிடும். நெல் மூட்டை ஏற்றிப் பழகினவனுக்கு இது விளங்கும்: வாடகை நெல்லின் விலையைத் தாண்டினால் அந்தச் சந்தைக்குப் போகக் கூடாது. ரொமெலுக்கு அந்தக் கணக்குப் பிடிக்காது. பெர்லினில் தலைமை அதிகாரி ஹால்டருக்கு அந்தக் கணக்கு மட்டும்தான் பிடிக்கும். கோபத்தில் 1941 ஏப்ரல் கடைசியில் ஒரு ஆளைத் தோப்ரூக்குக்கு அனுப்பி, இந்த மனுஷன் என்ன செய்கிறான் என்று பார்த்துவரச் சொன்னார். போனவர் பவுலஸ். பின்னாளில் ரஷ்யாவின் ஸ்டாலின்கிராட்டில் படையோடு மாட்டினாரே, அவரேதான். அவசரப்பட்டு முன்னே போகாதே என்று சொல்லப்போனவருக்கு வந்த விதியைப் பாருங்கள்.

கல்முனைக் காக்கா (ஞாயிறு, இரவு 8.40)

சின்னக் கடைப் பையன் நன்றாக விற்றால் முதலாளிக்கு இன்னொரு வில்லங்கம் வரும். இனிச் சரக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. ஊரே அந்தக் கடையைப் பார்க்கிறது. எனக்கு நடந்தது.

படுவான்கரை டீச்சர் (ஞாயிறு, இரவு 9.05)

காக்கா நீங்கள் சரித்திரம் படித்திருக்க வேண்டியவர். அதுதான் நடந்தது. 1942 ஜூன் 21 தோப்ரூக் விழுந்தது, அடுத்த நாள் ரொமெல் ஃபீல்ட் மார்ஷல். வயது 50. அந்தப் பெயர் அங்கே, அந்த மணலில் உண்டானது. மச்சான் 1942இன் ரொமெலைத் தூக்கி 1941இல் வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறார். ரஷ்யாவின் ஸ்டாலின் 1939இல் தளபதி சூக்கோவை மொங்கோலிய எல்லைக்கு அனுப்பியபோது அவரையும் வெளியுலகம் அறியாது. யப்பானியரை அங்கே அடித்த பிறகுதான் சூக்கோவ் சூக்கோவ் ஆனார்.

வித்தியாசம் ஒன்று உண்டு. சூக்கோவுக்குக் கேட்ட தாங்கியும் லொறியும் கொடுத்தார்கள், வேலை முடிந்ததும் திருப்பி எடுத்து நடுக்களத்தில் வைத்தார்கள். ரொமெலுக்குத் தேவைப்பட்டபோது கொடுக்கவில்லை. 1942 நவம்பரில் அலமெய்னில் தோற்றுப் பின்னால் ஓடிவரும்போது, ஹிட்லர் திடீரென்று துனீசியாவுக்குப் படைகளைக் கொண்டுபோய்க் கொட்டினார். 1943 மேயில் அங்கே சரணடைந்தவர்கள் இரண்டு இலட்சத்துக்கு மேல். ஒரு வருஷம் முந்தி அதில் கால்வாசி போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மச்சான் யோசிக்கலாம். ரொமெல் அதற்குள் மார்ச்சிலேயே ஆபிரிக்காவை விட்டுப் போய்விட்டார். கடை மூடும் நேரம்தான் சரக்கு வந்தது.

மச்சான்தான் நான் (ஞாயிறு, இரவு 9.30)

டீச்சர், ஒரேயொரு கேள்வி. ஜேர்மனிக்கு இரண்டாங்களம், சரி. பிரித்தானியருக்கு?

படுவான்கரை டீச்சர் (ஞாயிறு, இரவு 9.48)

நல்ல கேள்வி, தயிரில் கால்வாசி உங்களுக்கு. பிரித்தானியருக்கு 1941 நடுவில் தரையில் ஜேர்மனியரோடு சண்டை பிடிக்கக் கிடைத்த இடமே அதுதான். அதனால்தான் சேர்ச்சில் தளபதியை மாற்றிக்கொண்டே இருந்தார். வேவல் போய் ஓச்சின்லெக், அவர் போய் அலெக்சாண்டரும் மொண்ட்கொமரியும். சேர்ச்சிலுக்கு அது நடு முற்றம், ஹிட்லருக்குப் பின்வளவு. ஒரே மணல். வேவலை எங்கே அனுப்பினார்? இந்தியாவுக்கு. அப்போது அது ஓய்வெடுக்கிற இடம். ஆறு மாதத்தில் யப்பான் வந்தது. மறுகா அடுத்த வருஷம் ஏப்ரலில் கல்லடிக்காரனின் அப்பப்பா இடி முழக்கம் கேட்டார்.

வாவிக்கரை (ஞாயிறு, இரவு 10.10)

அப்போ தீர்ப்பு? சிறந்த தளபதி என்றது பிழை, ஆகவே மச்சான் தோற்றான். பயந்து தள்ளினார் என்றது பிழை, ஆகவே நானும் தோற்றேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு சட்டி வாங்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது?

கல்முனைக் காக்கா (ஞாயிறு, இரவு 10.14)

கேட்கிற கேள்வியா இது? ஒன்று டீச்சருக்கு. மற்றது கல்முனைக்கு வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். சட்டி உடையாமல் வைக்கோல் சுற்றி.

படுவான்கரை டீச்சர் (திங்கள், காலை 5.55)

எனக்குச் சீனி வருத்தம். தயிரை மட்டும் அனுப்புங்கள், கித்துள் பாணி வேண்டாம்.